தொகுத்தோரும் தொகுப்பித்தோரும்: புரத, மரபணுத் தரவுத்தளங்களின் அறுபதாண்டு வரலாறு

உயிரியல் ஆய்வில் ஈடுபடும் மாணவர் ஒருவர் புதிய மரபணு வரிசை ஒன்றைப் பெற்றவுடன் செய்யும் முதல் வேலை, அதைத் தரவுத்தளங்களில் ஏற்கெனவே உள்ள வரிசைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே. சில நொடிகளில் விடை கிடைத்துவிடுகிறது. கட்டணம் இல்லை, எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. இவ்வசதி தானாகவே அமைந்தது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் இது 1960களில் தொடங்கி இன்னும் தீராத வழக்கு ஒன்றின் விளைவு. ஒரு செய்தியை ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்தவருக்குக் கிடைக்கும் மதிப்பு, அத்தகைய செய்திகளைத் தேடித் தொகுத்து, பிழை களைந்து, ஒப்பிடத்தக்க வடிவில் வைத்தவருக்கும் உண்டா? அவ்வாறு தொகுக்கப்பட்டது யாருக்குச் சொந்தம்? இவ்விரு கேள்விகளே அவ்வழக்கின் சாரம்.

தமிழ் இலக்கிய மரபுக்கு இக்கேள்விகள் புதியன அல்ல. சங்கத் தொகை நூல்கள் சிலவற்றின் இறுதிக் குறிப்புகள், பாடியோரோடு நில்லாமல், தொகுத்தார் இன்னார், தொகுப்பித்தார் இன்னார் என்றும் பதிவு செய்கின்றன. தொகுத்தல் தனியொரு புலமைச் செயல் என்பதும், அதற்குப் பொருளுதவி செய்தவர் நினைக்கப்பட வேண்டியவர் என்பதும் அம்மரபின் துணிபு. நவீன உயிரியலில் தொகுத்தோரின் நிலை வேறாக அமைந்தது.

வரிசை என்னும் கருத்து

புரதம் ஒவ்வொன்றுக்கும் திட்டவட்டமான அமினோ அமில வரிசை உண்டு என்பதே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உறுதிப்படாத கருத்தாக இருந்தது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய பிரெடெரிக் சாங்கர் இன்சுலினின் முழு அமைப்பையும் 1955ஆம் ஆண்டளவில் நிறுவியபோது அந்த ஐயம் நீங்கியது. இரு சங்கிலிகள், மொத்தம் 51 அமினோ அமிலங்கள்; எந்த இடத்தில் எது என்பது மாறாத ஒழுங்கு. இதற்காக 1958இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1960இல் 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரிபோநியூக்ளியேஸ் நொதியின் வரிசை வெளிவந்தது.

வரிசை என்பது ஒருவகையில் பாடம். பாடங்கள் பெருகும்போது அவற்றை ஒப்புநோக்கும் தேவை எழுகிறது. குதிரையின் ஹீமோகுளோபினும் மனிதனின் ஹீமோகுளோபினும் எங்கெங்கே ஒன்றுபடுகின்றன, எங்கெங்கே வேறுபடுகின்றன என்று பார்த்தால் அவற்றின் பொது மூதாதையைப் பற்றி ஏதேனும் சொல்ல முடியும். ஆனால் வரிசைகள் பல்வேறு ஆய்விதழ்களில், பல்வேறு குறியீட்டு முறைகளில் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒரே இடத்தில் திரட்ட முனைந்தவர் ஆய்வுக்கூடத்தில் புரதங்களைப் பிரித்தெடுத்தவர் அல்லர். கணக்கீட்டு முறைகளில் பயிற்சி பெற்ற வேதியியலாளர்.

மார்கரெட் டேஹாஃப்

மார்கரெட் ஓக்லி டேஹாஃப் 1925இல் பிலடெல்பியாவில் பிறந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டபோதே மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிட வணிக நிறுவனங்கள் பயன்படுத்திய துளையட்டை இயந்திரங்களைக் கையாண்டார். 1960களில் அமெரிக்காவின் தேசிய உயிர்மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் ராபர்ட் லெட்லியுடன் இணைந்து, துண்டு துண்டாகக் கிடைக்கும் புரதப் பகுதிகளை ஒன்றிணைத்து முழு வரிசையைக் காணும் கணினி நிரலை எழுதினார். இன்று மரபணுத்தொகுதிகளைக் கோத்தெடுக்கும் மென்பொருள்களுக்கு இதுவே முன்னோடி எனலாம்.

1965இல் டேஹாஃபும் அவருடைய குழுவினரும் ‘புரத வரிசை, அமைப்பு அட்லஸ்’ என்ற தொகுப்பை வெளியிட்டனர். அதில் 65 புரதங்களின் வரிசைகள் இடம்பெற்றன. அடுத்தடுத்த பதிப்புகளில் எண்ணிக்கை வேகமாக உயர்ந்தது. அட்லஸ் வெறும் பட்டியல் அன்று. இதழ்களில் வெளியான வரிசைகளைச் சரிபார்த்தல், முரண்களைக் குறித்தல், உறவுடைய புரதங்களைக் குடும்பங்களாக வகுத்தல், அவற்றிலிருந்து பரிணாம மரங்களை வரைதல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கின. நெருங்கிய உறவுடைய புரதங்களின் 71 தொகுதிகளில் காணப்பட்ட 1,572 மாற்றங்களை எண்ணி, எந்த அமினோ அமிலம் எதுவாக மாறும் வாய்ப்பு எவ்வளவு என்று காட்டும் அட்டவணையை அவரது குழு 1978இல் வெளியிட்டது. ஒப்பியல் மொழியியலார் உறவுமொழிகளில் ஒலி மாற்றங்களைத் திரட்டி ஒழுங்கு காண்பதற்கு நெருக்கமான செயல் இது. புதிய ஆய்வுக்கூடச் சோதனை எதுவும் இல்லாமல், தொகுப்பிலிருந்து மட்டுமே பிறந்த அறிவு.

எனினும் அக்காலத்து உயிர்வேதியியலாளர் பலர் இப்பணியை ஆராய்ச்சி என்று ஏற்கவில்லை. பிறர் உழைத்துக் கண்டதை எடுத்தடுக்கும் வேலையாகவே அவர்கள் கண்ணுக்கு அது பட்டது. வெளியிடப்படாத வரிசைகளை அனுப்பிவைக்கப் பலரும் தயங்கினர். நல்கை வழங்கும் அமைப்புகளும் இதைத் தொடர்ந்து ஆதரிக்கத் தயங்கவே, அட்லஸின் விற்பனை வருவாயை நம்ப வேண்டியதாயிற்று. பின்னாளில் இதுவே அவருக்கு எதிரான வாதமாக மாறியது.

இருபது எழுத்துகள்

டேஹாஃபின் பணிகளுள் இன்றும் எல்லோருடைய விரல் நுனியிலும் வாழ்வது அமினோ அமிலங்களுக்கான ஓரெழுத்துக் குறியீடு. அதற்கு முன் ஒவ்வோர் அமினோ அமிலமும் மூன்று எழுத்துகளால் குறிக்கப்பட்டது. இன்சுலினின் 51 அமினோ அமிலங்களை அவ்வாறு எழுத 153 இடங்கள் தேவை. 80 பத்திகள் கொண்ட துளையட்டையில் அது அடங்காது. ஓரெழுத்து முறையில் ஒரே அட்டை போதும்.

குறியீடு உருவான முறை எழுத்தியல் நோக்கில் சுவையானது. இருபது அமினோ அமிலங்களின் ஆங்கிலப் பெயர்களில் ஆறுக்கு மட்டுமே வேறெதனோடும் மோதாத முதலெழுத்து உண்டு. மற்ற பதினான்கும் ஐந்தே எழுத்துகளில் தொடங்குகின்றன. ஒரே முதலெழுத்துக்குப் பல பெயர்கள் போட்டியிட்ட இடங்களில், புரதங்களில் மிகுதியாக வருவதும் அமைப்பில் எளியதுமானவற்றுக்கு அவ்வெழுத்து ஒதுக்கப்பட்டது. ஆகப் பதினொன்று முதலெழுத்தால் பெயர் பெற்றன. எஞ்சிய ஒன்பதுக்கு வேறு வழிகள் தேடப்பட்டன. ஃபினைல்அலனினுக்கு உச்சரிப்பு கருதி ‘எஃப்’; ஆர்ஜினினுக்குப் பெயரின் ஓசையில் ஒலிக்கும் ‘ஆர்’; டைரோசினுக்கு அதன் இரண்டாம் எழுத்தான ‘ஒய்’; இரட்டை வளையம் கொண்ட டிரிப்டோஃபானுக்கு அகலமான ‘டபிள்யூ’; லைசினுக்கு அகரவரிசையில் ‘எல்’லுக்கு முன் நிற்கும் ‘கே’. இன்னதென்று தெரியாத அமினோ அமிலத்தைக் குறிக்க ‘எக்ஸ்’ வைத்துக்கொள்ளப்பட்டது. அறியப்படாததற்கும் ஓர் எழுத்து வேண்டும் என்பது தொகுப்பாளரின் நேர்மை. 1968இல் பன்னாட்டு வேதியியல், உயிர்வேதியியல் அமைப்புகளின் பெயரிடல் குழு ஓரெழுத்துக் குறியீட்டுக்கான விதிகளை வெளியிட்டது. இன்று ஒவ்வொரு தரவுத்தளமும் இதே எழுத்துகளில்தான் எழுதப்படுகிறது. இவற்றை எழுதும் மாணவர்களுள் எத்தனை பேர் இவற்றின் வரலாற்றை அறிவர் என்பது வேறு செய்தி.

ஏழு அமைப்புகள், ஒரு வரைபடம்

வரிசை ஒரு நீண்ட கோடு. உயிருள்ள செல்லில் அக்கோடு மடிந்து முப்பரிமாண வடிவம் கொள்கிறது. 1950களின் இறுதியிலிருந்து எக்ஸ்-கதிர்ப் படிகவியல் மூலம் அவ்வடிவங்கள் புலப்படத் தொடங்கின. அணுக்களின் ஆயத்தொலைகளை எங்கே வைப்பது, யார் பாதுகாப்பது என்ற கேள்விக்கு விடையாக 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் புரதத் தரவு வங்கி தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் படிகவியல் தரவு மையம் அதன் கூட்டாளி. தொடக்கத்தில் அதிலிருந்தவை ஏழே அமைப்புகள். தரவுகள் காந்த நாடாக்களில் அஞ்சல் வழியே அனுப்பப்பட்டன. இன்று அதன் இருப்பு இரண்டு லட்சத்தைக் கடந்துவிட்டது.

இவ்வங்கியின் வரலாற்றில் சென்னைக்கும் நேரான பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகிய மூவரும் 1963இல் வெளியிட்ட கட்டுரை, புரதச் சங்கிலியின் இரு திருப்பு கோணங்கள் எந்தெந்த மதிப்புகளை ஏற்க இயலும், எவற்றை ஏற்க இயலாது என்பதை ஒரே வரைபடத்தில் காட்டியது. அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கலாம் என்ற வரம்புகளை, ஏற்கெனவே வெளியாகியிருந்த சிறு மூலக்கூறுகளின் படிக அமைப்புகளிலிருந்து அவர்கள் பெற்றனர். இக்கோட்பாட்டுப் பணியின் அடித்தளமும் பிறர் தரவுகளைத் திரட்டிய உழைப்பே என்பது கவனிக்கத்தக்கது. இன்று புரதத் தரவு வங்கிக்கு வரும் அமைப்புகளுக்கான தர அறிக்கையில், ராமச்சந்திரன் வரைபடத்துக்கு மாறான கோணங்கள் எத்தனை விழுக்காடு என்பது கட்டாயமாக இடம்பெறும் ஓர் அளவுகோல். உலகின் எந்த மூலையிலிருந்து வரும் அமைப்பும் சென்னையில் பிறந்த அந்தச் சோதனைக்கு உட்படுகிறது.

தரவு வங்கி அமைந்துவிட்டதால் எல்லோரும் தரவுகளை ஒப்படைத்துவிடவில்லை. கட்டுரையை வெளியிட்டுவிட்டு ஆயத்தொலைகளைத் தம்மிடமே வைத்துக்கொண்ட ஆய்வாளர் பலர். 1980களின் பிற்பகுதியில் படிகவியலாளர்களுக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. தரவுகளை ஒப்படைத்தால்தான் கட்டுரை வெளியிடப்படும் என்ற நெறியைப் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியமும் ஆய்விதழ்களும் நல்கை அமைப்புகளும் படிப்படியாக ஏற்றன. பகிர்தல் என்பது இயல்பான பண்பாக இருக்கவில்லை. விதியாக்கிய பிறகே அது வழக்கமாயிற்று.

1982: இரு கோரிக்கைகள்

1977இல் டி.என்.ஏ. வரிசையை விரைவாகப் படிக்கும் முறைகள் வந்தன. வரிசைகள் வெள்ளமெனப் பெருகவே, அவற்றுக்கான பொதுக் களஞ்சியம் வேண்டும் என்ற குரல் எழுந்தது. ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வகம் ஹைடல்பெர்கில் தன் தரவு நூலகத்தைத் தொடங்கி 1982இல் முதல் வெளியீட்டைக் கொண்டுவந்தது. அமெரிக்க அரசும் தேசியக் களஞ்சியம் ஒன்றுக்கு நிதி ஒதுக்க முன்வந்தது. அதற்குப் போட்டியிட்டோருள் இருவர் முதன்மையானவர்கள். ஒருவர் டேஹாஃப். மற்றொருவர் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் இயற்பியலாளர் வால்டர் கோட். போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் என்ற நிறுவனத்தோடு இணைந்து அவர் விண்ணப்பித்திருந்தார்.

தொகுப்பு அனுபவத்தில் டேஹாஃபுக்கு நிகர் எவரும் இல்லை. ஆனால் அவரது நிறுவனம் தரவுகளை விலைக்கு வழங்கியது. பெற்றவர் அவற்றை மறுவிநியோகம் செய்வதற்கும் தடை இருந்தது. ஆய்வாளர்கள் இலவசமாகத் தந்த வரிசைகள் அவர்களுக்கே விற்கப்படுகின்றன என்ற மனக்குறை பரவியிருந்தது. லாஸ் அலமோஸ் குழுவோ தரவுகளின்மீது தனக்கு எவ்வித உரிமையும் கோரப்போவதில்லை என்று உறுதியளித்தது. கணினி வலைப்பின்னல் வழியே அவற்றைத் திறந்துவைக்கவும் முன்வந்தது. 1982 ஜூனில் ஒப்பந்தம் அவர்களுக்கே சென்றது. ஜென்பேங்க் பிறந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதிலிருந்தவை 606 வரிசைகள், 6,80,338 எழுத்துகள். 1983 பிப்ரவரி 5 அன்று, தமது 57ஆம் வயதில், டேஹாஃப் மாரடைப்பால் காலமானார்.

இதை நல்லோர் தீயோர் கதையாகச் சுருக்குவது எளிது, சரியன்று. திறந்த அணுகல் வென்றது அறிவியலுக்குப் பெரும் நன்மை. ஆனால் தரவை விற்கும் நிலைக்கு டேஹாஃபைத் தள்ளியதில், தொகுத்தலை ஆராய்ச்சியாக மதிக்காத நல்கை முறைக்கும் பங்கு இருந்தது. ‘தரவு பொதுவுடைமை’ என்ற நெறி நிலைபெற்ற அதே வேளையில், ‘தொகுப்பாளருக்கு ஊதியம் எங்கிருந்து வரும்’ என்ற கேள்வி விடையின்றி ஒதுக்கப்பட்டது.

தொகுப்பின் ஆற்றல் அடுத்த ஆண்டே வெளிப்பட்டது. 1983இல் ரஸ்ஸல் டூலிட்டிலும் உடன் ஆய்வாளர்களும், குரங்குகளில் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸ் ஒன்றின் மரபணுவுக்கும் இரத்தத் தட்டணுக்களிலிருந்து பெறப்படும் வளர்ச்சிக் காரணிக்கும் இடையே நெருங்கிய ஒற்றுமை இருப்பதைக் கண்டனர். இங்கிலாந்துக் குழு ஒன்றும் அதே காலத்தில் அதே முடிவை எட்டியது. இயல்பான வளர்ச்சிக்கு உதவும் புரதமே இடம் மாறினால் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்ற கருத்துக்கு இது வலுவான சான்றாயிற்று. இரு வரிசைகளும் அருகருகே வைக்கப்படாமல் இருந்திருந்தால் இவ்வுறவு அன்று புலப்பட்டிராது.

குறிப்புரையும் பிழையும்

தொடக்கத்தில் ஜென்பேங்க் ஊழியர்கள் இதழ்களைப் படித்து வரிசைகளைத் தட்டச்சு செய்தனர். வேலை தேங்கவே, ஆய்வாளர்களே நேரடியாக ஒப்படைக்கும் முறை வந்தது. அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானியக் களஞ்சியங்கள் ஒன்றோடொன்று தரவுகளைப் பரிமாறிக்கொண்டன. ஆனால் வரிசை மட்டும் போதாது. அப்புரதம் என்ன செய்கிறது, செல்லில் எங்கே இருக்கிறது, எந்த நோயோடு தொடர்புடையது என்ற குறிப்புரை வேண்டும். மூலபாடத்தைக் களஞ்சியம் காத்தது; உரை எழுதுவது யார்?

ஜெனீவாவில் முனைவர் பட்ட மாணவராக இருந்த அமோஸ் பைராக் 1986இல் தொடங்கிய ஸ்விஸ்-புரோட் இதற்கு விடை. வல்லுநர்கள் ஆய்வுக்கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொரு புரதத்துக்கும் கையால் குறிப்புரை எழுதும் தளம் அது. பத்தே ஆண்டுகளில், 1996இல், நிதி நின்றுபோய் அது மூடப்படும் நிலை வந்தது. உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்கள் திரண்டு ஆதரவுக் கடிதங்கள் அனுப்பினர். தளம் பிழைத்தது, ஆனால் சில ஆண்டுகள் வணிக நிறுவனங்களிடம் கட்டணம் பெற வேண்டியிருந்தது. 1998இல் சுவிஸ் உயிர்தகவலியல் நிறுவனம் உருவாக இந்நெருக்கடியே காரணம். 2002இல் ஸ்விஸ்-புரோட்டும், ஐரோப்பிய உயிர்தகவலியல் நிறுவனமும், டேஹாஃபின் அட்லஸிலிருந்து வளர்ந்த தளமும் இணைந்து யூனிபுரோட் உருவாயிற்று. இருபதாண்டுகளுக்கு முன் ஒப்பந்தத்தை இழந்த தொகுப்பு இவ்வாறு புதிய களஞ்சியத்தின் வேர்களுள் ஒன்றாகத் திரும்பியது.

இன்று யூனிபுரோட்டில் கையால் சரிபார்க்கப்பட்ட பதிவுகள் ஏறத்தாழ 5,70,000. கணினி தானாகக் குறிப்பு எழுதியவையோ பல கோடி. இவ்விடைவெளியின் விளைவு கடுமையானது. ஒரு புரதத்துக்குத் தவறான பெயர் இடப்பட்டால், அதை ஒத்த அடுத்த புரதமும் அப்பெயரையே பெறுகிறது. பின்னர் அதை ஒத்த மற்றொன்றும் அவ்வாறே. ஏட்டைப் பார்த்துப் படியெடுப்போர் முன்னோர் பிழையையும் சேர்த்து எழுதுவதைப் போன்றது இது. 2009இல் வெளியான ஆய்வு ஒன்று 37 நொதிக் குடும்பங்களைச் சோதித்தது. கையால் தொகுக்கப்பட்ட ஸ்விஸ்-புரோட்டில் பிழை மிக அரிது. தானியங்கிக் குறிப்புகளை நம்பிய தளங்களில் கணிசம் என்று அது கண்டது. மனித உழைப்பின் மதிப்பை இதைவிடத் தெளிவாக அளந்துகாட்டுவது அரிது.

திறந்த கதவும் அதன் வரம்பும்

1996இல் பெர்முடாவில் கூடிய மனித மரபணுத்தொகுதித் திட்டத்தினர், கிடைக்கும் வரிசைகளை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வெளியிடுவது என்று முடிவெடுத்தனர். அதே தொகுதியைத் தனியே படித்த செலேரா நிறுவனம், 2001இல் கட்டுரை வெளியிட்டபோது தரவுகளைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்காமல் நிபந்தனைகளோடு தன் தளத்திலேயே வழங்கியது. அன்று எழுந்த விவாதம், 1982இன் விவாதத்தின் மறுபதிப்பு.

பொதுமை நெறியின் பயன் 2020 ஜனவரியில் உலகுக்கே தெரிந்தது. சீனாவில் படிக்கப்பட்ட புதிய கொரோனா வைரஸின் ஏறத்தாழ 30,000 எழுத்து வரிசை இணையத்தில் வெளியானதும், வைரஸின் மாதிரி கையில் இல்லாத ஆய்வகங்கள்கூடச் சோதனைக் கருவிகளையும் தடுப்பூசிகளையும் வடிவமைக்கத் தொடங்கின. அதே ஆண்டின் இறுதியில், புரத வடிவங்களை வரிசையிலிருந்தே கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருளின் இரண்டாம் பதிப்பு வியக்கத்தக்க வெற்றி கண்டது. புரதத் தரவு வங்கியில் அரை நூற்றாண்டாகச் சேர்ந்த அமைப்புகளும், வரிசைத் தளங்களில் குவிந்த கோடிக்கணக்கான வரிசைகளுமே அதன் பயிற்சிப் பாடம். 2024இன் வேதியியல் நோபல் பரிசில் பாதி அதை உருவாக்கிய டெமிஸ் ஹஸாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோருக்குச் சென்றது. அப்பரிசை மூவருக்கு மேல் பகிர இயலாது. பாடம் எழுதியோர் பல்லாயிரவர்; தொகுத்தோர் பல நூற்றுவர்.

இந்தியாவில் உயிர்தொழில்நுட்பத் துறை 1980களிலேயே தகவல் மையங்களின் வலைப்பின்னலை அமைத்தது. ஆயினும் இந்திய ஆய்வாளர்களின் தரவுகள் பெரும்பாலும் வெளிநாட்டுக் களஞ்சியங்களிலேயே சேர்ந்தன. 2022 நவம்பரில் ஃபரீதாபாதில் தொடங்கப்பட்ட இந்திய உயிரியல் தரவு மையம் இந்நிலையை மாற்ற முயல்கிறது. இந்திய மக்களின் 10,000 மரபணுத்தொகுதிகளைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் அங்கிருந்தே ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. ஆனால் விண்ணப்பித்து ஒப்புதல் பெற்றவர்களுக்கு மட்டும். மனிதரின் மரபணு அவரது அந்தரங்கமும் ஆதலால் இக்கட்டுப்பாடு நியாயமானது. அதே நேரத்தில், கட்டுப்பாடு எங்கே பாதுகாப்பாக நின்று எங்கே உடைமையாக மாறுகிறது என்று தொடர்ந்து கேட்க வேண்டிய பொறுப்பும் ஆய்வுலகத்துக்கு உண்டு.

மறுபுறம், வளரும் நாடுகளின் தாவரங்களிலிருந்தும் நுண்ணுயிர்களிலிருந்தும் பெற்ற வரிசைகளால் பெருநிறுவனங்கள் ஈட்டும் பயனில் அந்நாடுகளுக்குப் பங்கு வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக உள்ளது. 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய பல்லுயிர் மாநாடு அதற்கென நிதியம் ஒன்றை அமைக்க ஒப்புக்கொண்டது. ‘எல்லோருக்கும் திறந்த கதவு’ வழியே அதிகம் எடுத்துச் செல்வோர் யார் என்ற கேள்விக்கு இது முதல் பதில். முழுப் பதில் அன்று.

அறுபதாண்டுகளில் வரிசைகள் 65இலிருந்து கோடிகளாயின. தரவு பொதுவாக இருக்க வேண்டும் என்பது பெரிதும் ஏற்கப்பட்டுவிட்டது. தொகுப்பித்தோர் யார் என்பதை நல்கை எண்கள் பதிவு செய்கின்றன. தொகுத்தோருக்கோ இன்றும் மூன்றாண்டு, ஐந்தாண்டு நல்கைகளை நம்பிய வேலைதான். பதவி உயர்வுக் குழுக்கள் எண்ணும் கட்டுரைகளில் அவர்கள் திருத்திய பதிவுகள் சேர்வதில்லை. இந்தியாவில் புதிய தரவு மையங்கள் உருவாகும் இவ்வேளையில், சேமிப்புக் கொள்ளளவைக் குறித்துப் பேசும் அளவுக்கு, அங்கே குறிப்புரை எழுதப்போகும் வல்லுநர்களின் நிலையான பணியிடங்களைக் குறித்தும் பேசியாக வேண்டும். நான்கு பெட்டாபைட் இடத்தை ஒருமுறை வாங்கிவிடலாம். ஒரு புரதத்தின் பெயர் சரிதானா என்று பார்ப்பவரை ஆண்டுதோறும் பேண வேண்டும்.